ஜிப்சி 1.3 இன்ஜினுக்கு எந்த பிஸ்டன், எவ்வளவு கம்ப்ரஷன்: நான்கு வகைகள், ஒரு மதிப்பீடு

ஜிப்சி கிங், எஸ்டீம் வண்டிகளில் வந்த 1.3 லிட்டர் 16 வால்வு எம்பிஎஃப்ஐ இன்ஜினை ரீபோருக்காக, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதற்காக, பிரிக்கும்போது எல்லோருக்கும் வருகிற ஆசை ஒன்றுதான்: "எப்படியும் பிரிச்சாச்சு, கம்ப்ரஷனையும் கொஞ்சம் ஏத்திரலாமுங்களா?" ஏற்றலாம். ஆனால் எந்த பிஸ்டனை வாங்குவது என்பது பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பார்த்து முடிவு செய்கிற காரியமல்ல. சந்தையில் கிடைக்கும் நான்கு வகை பிஸ்டன்களைத் தினசரி ஓட்டத்துக்கான இன்ஜின் என்ற ஒரே கோணத்தில் இங்கே எடை போட்டிருக்கிறோம்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். கம்பெனி கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) அப்படியே இருக்கப்போகிறது என்றால் கம்ப்ரஷன் விகிதத்தில், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற எண்ணில், 9.8-க்கு மேல் போகாதீர்கள். கேமையும் மாற்றினால் 10.5 வரை தாங்கும். பிஸ்டன் 4032 என்ற அலுமினியக் கலவையில் ஃபோர்ஜிங் செய்ததாக (அழுத்தி அடித்து உருவாக்கியதாக) இருக்கட்டும். வண்டியை 5500 ஆர்பிஎம் தாண்டி விரட்டும் பழக்கம் இல்லாதவருக்கு நல்ல ஓவர்சைஸ் (ரீபோர் செய்த சிலிண்டருக்கான பெரிய அளவு) காஸ்ட் (வார்த்துச் செய்த) பிஸ்டனே போதும். மிச்சமாகும் பணத்தை லேத் வேலைக்குக் கொடுங்கள்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. ஏட்டுக் கணக்குப்படி கம்ப்ரஷனை 9-லிருந்து 9.8-க்கு உயர்த்தினால் கிடைக்கும் கூடுதல் பலன் இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. 10.5-க்குப் போனால் நான்கு சதவீதத்தை ஒட்டி வரும். 80 குதிரைத்திறன் இன்ஜினில் இது இரண்டோ மூன்றோ குதிரை. அதற்கா இத்தனை செலவு என்றால், அதற்கு மட்டும் என்றால் வீண்தான். உயர்த்திய கம்ப்ரஷனின் அருமை கேம் மாற்றும்போதுதான் தெரியும். நீளமான கேம் கீழ் ஆர்பிஎம்மில் பிடுங்கிக்கொள்ளும் இழுவையை அதுதான் திருப்பித் தரும்.

இந்த இன்ஜினின் அளவுகள்: போர் 74 மி.மீ., ஸ்ட்ரோக் 75.5 மி.மீ., மொத்தம் 1298 சிசி. ஒரு சிலிண்டருக்கு 324.7 சிசி. 0.50 ஓவர்சைஸ் அடித்தால் போர் 74.5 ஆகும், ஒரு சிலிண்டர் 329.1 சிசி ஆகும். பட்டறைக் கணக்கில் "இருவது தௌ" (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ரீபோர் அடித்த உடனேயே, வேறெதையும் தொடாமலே, 9.0 என்றிருந்த விகிதம் 9.1 ஆகிவிடும். இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிளாக் அலுமினியம், உள்ளே வார்ப்பிரும்பு லைனர். கம்பெனி ஓவர்சைஸ் 0.25, 0.50 இரண்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போர் அடிக்க நினைப்பவர் லைனரின் சுவர் கனத்தை அளந்து பார்க்காமல் போர் கம்பியை இறக்கக் கூடாது.

காஸ்ட் பிஸ்டன்

சாதாரண மாற்று பிஸ்டன். இந்தியாவில் கெட்ஸே, உஷா, இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற பெயர்களில் உதிரிபாகச் சந்தையில் காணும் வகை. உங்கள் இன்ஜினுக்கு எந்தப் பெயரில் எந்த அளவு இருக்கிறது என்பதைக் கடையில் பழைய பிஸ்டனை மேசைமேல் வைத்துப் பக்கத்தில் ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். 8 வால்வு, 16 வால்வு பிஸ்டன்கள் கலந்து வந்துவிடும். வால்வு பாக்கெட் எத்தனை, பின்னின் நடுவிலிருந்து மேல்தலை வரை உயரம் எவ்வளவு என்று வெர்னியரில் பாருங்கள்.

இதன் சிறப்பு இறுக்கமான கிளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள இடைவெளி). 0.02 முதல் 0.04 மி.மீ. வரை வைக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்தால் சத்தமே வராது, எண்ணெயும் தின்னாது. பலவீனம் நாக்கிங் (கலவை தானாகவே தீப்பற்றி இன்ஜின் தட்டுவது). ஒரு நாள் நாக்கிங் அடித்தால் உடனே உடையாது, ஆனால் தொடர்ந்து அடித்தால் முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவிலுள்ள வரப்பு விரிசல் விட்டுத் துண்டாக விழும். 9.5-க்குள் வைத்து, டைமிங்கைச் சரியாகப் பிடித்தால் நெடுங்காலம் உழைக்கும். விலைக்கு நல்ல மதிப்பு.

ஹைப்பர்யூடெக்டிக்

இதுவும் வார்ப்புதான், ஆனால் சிலிக்கான் 16 முதல் 18 சதவீதம். சூட்டில் அதிகம் விரியாது, ரிங் குழி சீக்கிரம் தேயாது. கடையில் இதை ஃபோர்ஜிங்குக்கு அடுத்தபடி என்று சொல்லி விற்பார்கள். அதை அப்படியே ஏற்க முடியாது. கடினம் என்பது வேறு, வலிமை என்பது வேறு. மண்சட்டி கடினமானது, கீழே போட்டால் என்ன ஆகும்? நாக்கிங் பட்டால் இந்த வகை சாதாரண காஸ்டை விடவும் சுத்தமாக விண்டுபோகும்.

இன்னொரு பொறி ரிங் கேப் (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி). மேல் ரிங்கை உச்சிக்கு நெருக்கமாக வைத்து வடிவமைத்த பிஸ்டன்களில் ரிங் அதிகம் சூடாகும். அப்போது போர் மி.மீ. ஒன்றுக்கு 0.0065 மி.மீ. வரை கேப் கேட்பார்கள், 74.5 போருக்கு 0.48 மி.மீ. வரும். பழைய பழக்கத்தில் 0.30 வைத்து மூடினால் ரிங் முனைகள் முட்டி, வரப்போடு மேல்தலையும் பிய்ந்து வரும். குற்றம் பிஸ்டன்மேல் விழும், தவறு ஃபீலர் கேஜில் இருக்கும். தெருவில் ஓடும் வண்டிக்கு இந்த வகையை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. காஸ்டோடு நில்லுங்கள், இல்லை ஃபோர்ஜிங்குக்குப் போய்விடுங்கள்.

4032 ஃபோர்ஜிங்

சுமார் 12 சதவீதம் சிலிக்கான் கொண்ட அலுமினியக் கலவை. விரிவு மிதம் என்பதால் கிளியரன்ஸ் 0.05 முதல் 0.07 மி.மீ. போதும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் லேசாக ஒரு தட்டல் கேட்கும், ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். நாக்கிங் பட்டால் உடையாமல் கொஞ்சம் வளைந்துகொடுத்து, தப்பைத் திருத்திக்கொள்ள அவகாசம் தரும். தினமும் வேலைக்கும், ஞாயிற்றுக்கிழமை மலைக்கும் போகிற வண்டிக்கு இதுதான்.

விலை காஸ்ட் செட்டைப் போலப் பல மடங்கு. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். ஆனால் சொல்லிச் செய்கிற பிஸ்டனில் ஒரு வசதி உண்டு: டிஷ்ஷின் (மேல்தலையிலுள்ள குழியின்) அளவையும், பின் உயரத்தையும் (பின்னின் நடுவிலிருந்து மேல்தலை வரை) நீங்களே கேட்கலாம். அந்த வசதி எதற்கென்று கீழே கணக்கோடு சொல்கிறோம். ஆர்டர் கொடுப்பதற்கு முன் உங்கள் கன்ராடின் பின் இறுக்கமாகப் பிரஸ் செய்ததா, இரு பக்கமும் சர்க்ளிப் போட்டு மிதப்பதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

2618 ஃபோர்ஜிங்

சிலிக்கான் அநேகமாக இல்லாத, செம்பு சேர்ந்த கலவை. டர்போவுக்கும், செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற இடத்தில் மணிக்கணக்கில் முழு த்ராட்டிலில் ஓடுவதற்கும் ஏற்றது. அடி எவ்வளவு பட்டாலும் தாங்கும். தெருவுக்கு ஏற்றதல்ல. 0.07 முதல் 0.10 மி.மீ. வரை கிளியரன்ஸ் வேண்டும், காலையில் டீசல் வண்டி மாதிரி தட்டும், ரிங் குழி சீக்கிரம் தேயும், எண்ணெய் குறையும். கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிற வண்டிக்கு இதைப் போடுவது வீண் பெருமை.

எந்த வகையானாலும் கிளியரன்ஸின் கடைசி வார்த்தை பிஸ்டனோடு வரும் தாள்தான். எந்த இடத்தில் அளக்க வேண்டும் என்பதையும் அதிலேயே போட்டிருப்பார்கள். பிஸ்டன் உருளையல்ல, பீப்பாய். தவறான உயரத்தில் மைக்ரோமீட்டரைப் பிடித்தால் 0.03 பிசகும், அதுவே ஒரு பிஸ்டன் பிடித்துக்கொள்வதற்குப் போதும்.

பெட்டியிலுள்ள 10.5 யாருடைய 10.5?

பிஸ்டன் செய்பவர் ஒரு ஹெட் கொள்ளளவு, ஒரு கேஸ்கெட் கனம், ஒரு டெக் உயரம் (பிளாக்கின் மேல்மட்டத்துக்குப் பிஸ்டன் எவ்வளவு கீழே நிற்கிறது) என்று அனுமானித்துக்கொண்டு அந்த எண்ணைப் போடுகிறார். உங்கள் ஹெட் ஏற்கெனவே இரண்டு முறை பேஸிங் (அடிப்பரப்பைச் சீவித் தட்டையாக்குவது) கண்டிருக்கலாம். 0.50 ஓவர்சைஸில் 10.5 என்றால் மேலே மிச்சமிருக்க வேண்டிய இடம் 34.6 சிசி. பேஸிங்கில் ஒன்றரை சிசி போயிருந்தால் விகிதம் 10.9 ஆகிவிடும். மாறாக 1.2 மி.மீ. கேஸ்கெட்டுக்குப் பதில் 1.5 கேஸ்கெட் வந்தால் 10.1-க்கு இறங்கும். பிஸ்டன் அதே பிஸ்டன்தான்.

ஆகவே அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். பள்ளி ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் 50 சிசி ப்யூரெட் கிடைக்கும். 8 மி.மீ. அக்ரிலிக் துண்டில் ஓரமாக ஒரு துளை போட்டு, கிரீஸ் தடவி ஹெட்மேல் ஒட்டுங்கள். பிளக்கும் வால்வும் மாட்டியிருக்க வேண்டும். ஹெட்டைச் சற்றுச் சாய்த்து வைத்தால் காற்றுக் குமிழி துளை வழியே வெளியேறும். நிறம் சேர்த்த மண்ணெண்ணெயை இறக்கி, நான்கு அறைகளையும் அளந்து எழுதுங்கள். அறைக்கு அறை அரை சிசிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் அதைச் சமன் செய்ய வேண்டும்.

ஒரு உதாரணம். கேம் மாற்றவில்லை, 0.50 ஓவர்சைஸ், இலக்கு 9.8. அப்படியானால் மிச்ச இடம் 37.4 சிசி. ஹெட் அறை 29 என்று அளவு வந்தது. 75 மி.மீ. துளையும் அமுங்கிய பின் 1.2 மி.மீ. கனமும் கொண்ட கேஸ்கெட் 5.3 சிசி. பிஸ்டன் பிளாக்கின் மேல்மட்டத்துக்கு 0.5 மி.மீ. கீழே நிற்கிறது என்றால் அது 2.2 சிசி. மூன்றையும் கூட்டினால் 36.5. ஆக, வால்வு பாக்கெட்டையும் சேர்த்து பிஸ்டன் மேல்தலையில் 0.9 சிசி குழி இருந்தால் கணக்கு நேர்.

எண் நேர், இன்ஜின் நேரில்லை. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் அதற்கும் நடுவில் 1.7 மி.மீ. இடைவெளி இருக்கிறது. இந்த இடைவெளியை ஸ்க்விஷ் என்பார்கள். இது ஒரு மி.மீ. அளவில் இருந்தால் ஓரத்துக் கலவை நசுங்கி நடுவுக்குப் பாய்ந்து வேகமாக எரியும். 1.5-க்கு மேல் போனால் அங்கே கலவை சும்மா உட்கார்ந்து சூடாகும்; நாக்கிங் பிறப்பது அந்த மூலையில்தான். எனவே பின் உயரம் 0.6 மி.மீ. கூடுதலான பிஸ்டனைக் கேளுங்கள். அது மட்டத்துக்கு மேல் 0.1 எட்டிப் பார்க்கும், ஸ்க்விஷ் 1.1 ஆகும். குறைந்துபோன 2.6 சிசியை டிஷ்ஷில் சேர்த்து 3.5 சிசி ஆக்குங்கள். விகிதம் அதே 9.8. முதல் இன்ஜின் டிக் டிக் என்று அடிக்கும் இடத்தில் இது அமைதியாக இழுக்கும். டிஷ் ஹெட் அறைக்கு நேர் கீழே மட்டும் குழிந்து, ஸ்க்விஷ் பட்டை தட்டையாக நிற்க வேண்டும் என்பதை ஆர்டரில் எழுதுங்கள். இல்லாவிட்டால் வட்டமாகக் குடைந்து அனுப்பிவிடுவார்கள்.

ஸ்க்விஷ்ஷை 0.8-க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். உயர் ஆர்பிஎம்மில் கன்ராடு நீளும், பேரிங் கிளியரன்ஸும் சேர்ந்துகொள்ளும், பிஸ்டன் ஹெட்டை முத்தமிடும்.

கேம் கணக்கு

இன்டேக் வால்வு மூடிய பிறகுதான் அமுக்கம் தொடங்குகிறது. 120 மி.மீ. கன்ராடு நீளத்தை வைத்துக் கணக்கிட்டால், வால்வு கீழ்முனை தாண்டி 48 டிகிரியில் மூடும்போது பிஸ்டன் மேலேற இன்னும் 66.3 மி.மீ. இருக்கிறது. 60 டிகிரியில் மூடும் கேமில் 61.2 மி.மீ.தான். 9.8 இன்ஜினில் முதல் கேமோடு நிஜ அமுக்கம் 8.7. அதே இன்ஜினில் நீளமான கேமைப் போட்டால் 8.1-க்கு விழுந்து, சிக்னலில் கிளம்ப மூச்சு வாங்கும். 10.5 பிஸ்டனோடு அந்த நீளக் கேமைச் சேர்த்தால் மறுபடியும் 8.7. கம்பெனி கேமோடு 10.5 போட்டால் 9.35, நம் ஊர் வெயிலுக்கு அது ஆகாது. கேம் கார்டில் (கேமோடு வரும் அளவுத் தாளில்) வால்வு மூடும் டிகிரி இல்லாத கேமை வாங்காதீர்கள்.

கேம் மாறினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் உருண்டை வைத்து அழுத்திப் பாருங்கள். இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 இருந்தால் நிம்மதி. மேல்முனையில் மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு முன்னும் பின்னும் பத்து டிகிரியில்தான் வால்வு நெருங்கி வரும்.

பெட்ரோல், வெயில், மலை

இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஆக்டேனைக் கூட்டும், உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும். கம்ப்ரஷன் ஏற்றுபவருக்கு இது சாதகம். இ20-யோடு ஆக்டேன் 95 ஆக உயர்ந்திருப்பதாக 2025-ல் பெட்ரோலிய அமைச்சகம் சொன்னது. பாதகம் என்னவென்றால் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு 14.7 என்றிருந்த காற்று விகிதம் இதற்கு 13.5 அளவுக்கு இறங்குகிறது. முழு த்ராட்டிலில் ஆக்சிஜன் சென்சாரைக் கேட்காமல் பழைய கணக்கில் பெட்ரோல் ஊற்றும் இசியு (இன்ஜினின் கணினி), எட்டு சதவீதம் வரை குறைவாக ஊற்றும். உயர்ந்த கம்ப்ரஷனும் வறண்ட கலவையும் சேர்ந்தால் பிஸ்டன் உருகும். எரிபொருள் அழுத்தத்தையோ மேப்பையோ சரிசெய்யாமல் வண்டியை மலைக்கு எடுக்காதீர்கள். பழைய ரப்பர் ஹோஸ்களையும் அதோடு மாற்றிவிடுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரில் டைமிங்கை இரண்டு டிகிரி பின்னால் வைத்துத் தொடங்குங்கள். பிளக் ஒரு படி குளிர்ந்தது. என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷில் எண் குறைந்தால் குளிர்ச்சி. கடைக்காரர்களே இதில் குழம்புவதுண்டு.

சோதிக்கும் இடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஊட்டி 2240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்குதான். அங்கே நாக்கிங் வரவில்லை என்று டைமிங்கை முன்னால் தள்ளி வைத்தால் மேட்டுப்பாளையம் இறங்கியதும் தட்டத் தொடங்கும். சித்திரை வெயிலில், மதியம், பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறுகிற 27 கொண்டை ஊசி வளைவுகள்தான் சரியான பரீட்சை. மூன்றாவது கியர், 2500 ஆர்பிஎம், முழு த்ராட்டில். அங்கே கேட்காத நாக்கிங் வேறெங்கும் கேட்காது.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை இதோடு விட்டுவிட வேண்டும். நம் பக்கத்து உப்புத்தண்ணீர் ஹெட்டின் நீர்வழியில் சுண்ணாம்பாகப் படிந்து, எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி ஒரு இடத்தில் மட்டும் சூடேற்றும். அந்த ஒரு இடம் போதும். ஹெட் பிரித்திருக்கும்போதே சுரண்டிக் கழுவி, கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்றுங்கள்.

லேத் பட்டறைச் சேவை

கோவையில் துல்லியத்துக்குப் பஞ்சமில்லை. பம்புக்கும் மில் உதிரிக்கும் மைக்ரான் கணக்கில் கடைகிற ஊர். ஆனால் ரீபோர் பட்டறைகளின் அன்றாட வேலை லாரி லைனரும் டிராக்டர் லைனரும். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் சொல்லவே வேண்டாம். "0.10 கிளியரன்ஸ் வெச்சு விட்ருங்ணா, ஜாம் ஆவாது" என்று பாசத்தோடு சொல்வார்கள். லாரி இன்ஜினுக்கு அது சரியாக இருக்கலாம். உங்கள் காஸ்ட் பிஸ்டன் அந்த இடைவெளியில் ஆடி ஆடி ஸ்கர்ட் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) விரிசல் கண்டுவிடும்.

பிஸ்டனைக் கையில் கொடுக்காமல் போர் அடிக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்கான சிலிண்டர் எண்ணை எழுதி, போரிங்கில் 0.07 மி.மீ. மிச்சம் வைத்து, கடைசி அளவை ஹோனிங்கில் (கல்லால் தேய்த்து மெருகேற்றுவதில்) எடுக்க வேண்டும். கேட்க வேண்டிய மிக முக்கியமான ஒன்று டார்க் பிளேட். ஹெட் போல்ட் இறுகும்போது அலுமினிய பிளாக்கில் போர் வட்டம் குலையும். ஹெட்டுக்குப் பதிலாக 40 மி.மீ. கனத் தட்டை, அதே கேஸ்கெட், அதே போல்ட், அதே டார்க்கில் இறுக்கி ஹோனிங் செய்தால் வண்டியில் மாட்டிய பின்னும் போர் வட்டமாக நிற்கும். இந்த இன்ஜினுக்கான தட்டு பட்டறையில் தயாராக இருப்பது அபூர்வம். கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் ஹெட் கேஸ்கெட்டை மாதிரியாகக் கொடுத்தால் கடைந்து தருவார்கள். அந்தச் செலவைக் குறைக்கப் பார்ப்பவர் ஃபோர்ஜிங் பிஸ்டனுக்குச் செலவழிக்க வேண்டாம்.

வாங்கும்போது போர் கேஜை மூன்று ஆழத்தில், இரண்டு திசையில் போடச் சொல்லி எண்களை எழுதி வாங்குங்கள். முகம் சுளிக்கும் பட்டறையில் அடுத்த முறை வேலை கொடுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோலில் கழுவினால் ஹோனிங் தூள் குழிக்குள்ளேயே தங்கிவிடும். எண்ணெய் நனைத்த வெள்ளைத் துணி கறுக்காமல் வரும்வரை கழுவ வேண்டும்.

ரிங் கேப், 4032-க்கு: மேல் ரிங் 0.34, இரண்டாவது 0.41, ஆயில் ரிங் பட்டைக்கு 0.38-க்குக் குறையாமல். ரிங்கைப் பிஸ்டனால் தள்ளி நேராக நிறுத்தி அளக்க வேண்டும். அரத்தை வெளியிலிருந்து உள்நோக்கி மட்டும் இழுங்கள்.

ஓட விட்ட பிறகு

முதல் எண்ணெய் மினரல். 100 கி.மீ.யில் ஒரு முறை, 500-ல் ஒரு முறை மாற்றுங்கள். சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டி ரன்னிங்-இன் செய்தால் ரிங் உட்காராது, போர் பளபளத்துப்போகும். ஆனைகட்டி ரோடு மாதிரி ஏறி இறங்கும் சாலையில் அரை த்ராட்டிலில் இழுத்து, காலை எடுத்து இன்ஜின் பிரேக்கில் விடுவது நல்லது.

1000 கி.மீ. ஆனதும் திம்பம் ஏறி, உச்சியில் ஓரமாக நிறுத்தி, இன்ஜின் கொஞ்சம் ஆறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் மாதிரி கரும்புள்ளியோ, மினுக்கும் அலுமினியப் புள்ளியோ தெரிந்தால் டைமிங்கை இன்னும் இரண்டு டிகிரி பின்னால் இழுங்கள். அப்போதும் அடங்காவிட்டால் கனமான கேஸ்கெட் போடலாம் என்று யோசனை சொல்வார்கள். விகிதம் குறையும், ஸ்க்விஷ்ஷும் திறந்துகொள்ளும், நாக்கிங் போன பாடாக இருக்காது. அதற்குப் பதில் பிஸ்டனை வெளியே எடுத்து டிஷ்ஷை இரண்டு சிசி ஆழப்படுத்துங்கள், அதற்கு முன் மேல்தலையின் கனத்தை அளந்துகொள்ளுங்கள்.